பதினாலு குஞ்சும் ஒரு குண்டு பல்பும்

என் வீட்டுக்காரர் இன்பசேகரன் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் 'பொருள்' என்று ஒரு வரியும் 'பார்வை' என்று ஒரு வரியும் இருந்தன. நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்த சமயம். பொருள்: நலம் விசாரித்தல் தொடர்பாக. பார்வை: தங்களின் பன்னிரண்டாம் தேதியிட்ட கடிதம். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று அப்பா மெச்சிக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தாறு வருஷமாக அனுபவிக்கிறேன்.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்து நாலு வருஷம் கழித்துத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர் அவர். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளக்கம் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வரும், அதற்கும் இவரே பதில் எழுத உட்கார்ந்துவிடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். பூசாரி இல்லாத எங்கள் சபையில் அந்தக் குறையை என் வீட்டுக்காரர் தீர்த்துவைத்தார். தலைமையாசிரியர் சரி என்று சொன்ன காரியம்கூட இவருடைய மேஜைக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிடும். இத்தனைக்கும் லஞ்சம் வாங்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். அதனால் அவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. யார் வந்து நின்றாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வாங்க, பாப்போம்" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களில் 'நான்' என்ற சொல்லே வராது. 'தாமதம் நேர்ந்துள்ளது', 'கோப்பு காணப்படவில்லை', 'தவறு ஏற்பட்டுள்ளது'. எல்லாம் தானாகவே நேரும், தானாகவே காணாமல் போகும். ஒரு தடவை சாம்பாரில் இரண்டாவது முறை உப்பைப் போட்டுவிட்டு, "உப்பு கூடுதலாகச் சேர்ந்துள்ளது" என்று என்னிடமே சொன்னார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு அலங்காநல்லூர் சாலையில் வீடு கட்டி வந்தோம். எங்கள் மகள் ஜெனிஷா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் இவர் ஆள நான் ஒருத்திதான் மிச்சம். ஃபிரிட்ஜ் கதவில் சுற்றறிக்கை ஒட்ட ஆரம்பித்தார். நானும் இருபத்தெட்டு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள். சுற்றறிக்கையைக் கிழித்து அதிலேயே மல்லிக்கொத்தைச் சுற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

அந்தப் பழைய மேஜைக்கு முன்னால் அதிகம் நின்றவர் சோணையம்மாள்தான். அதே பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் கூட்டிப் பெருக்கி, தண்ணீர்த் தொட்டி கழுவியவர். தற்காலிகப் பணியாளர். வேலையை நிரந்தரமாக்க ஒரு கோப்பு கிளம்பியது. ரேஷன் கார்டில் ஒரு பிறந்த வருஷம், வாக்காளர் அட்டையில் வேறு வருஷம். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். "பெரிய மழ பேஞ்ச வருசம்" என்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருந்த ஆதாரம். மழையை ஏற்றுக்கொள்ள விதியில் இடமில்லை என்று என் வீட்டுக்காரர் கோப்பைத் திருப்பினார். அது வருவதும் போவதுமாக இருந்தது, சோணையம்மாளும் வருவதும் போவதுமாக இருந்தார். கடைசியில் நிரந்தரமும் ஆகாமல், பென்ஷனும் இல்லாமல் வீட்டுக்குப் போனார்.

அந்த வீடு எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தது எங்கள் புண்ணியமா பாவமா, தெரியவில்லை. நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்றுத்தான் சோணையம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் சீக்கு வந்து கோழிகள் எல்லாம் போயின. தப்பித்த ஒரே பெட்டையும் பதினாலு குஞ்சு பொரித்த பத்தாம் நாள் நாய் வாயில் போய்விட்டது. இனி அந்தப் பதினாலும் வளர்ந்து முட்டை வைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். சோணையம்மாள் கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

"தமிழ்வாணிக்கு வலி வந்துருச்சாம் டீச்சர். டி. கல்லுப்பட்டிக்குப் போறேன், வர ஒரு வாரமாகும். இதுகள உங்க கையிலதான் குடுத்துட்டுப் போகணும்."

தமிழ்வாணி அவருடைய ஒரே மகள். "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நெழல்ல கெடக்கட்டும். தண்ணி வத்தாம பாத்துக்கங்க. குருணை இந்தப் பையில இருக்கு, கொஞ்சமாப் போடுங்க. அம்புட்டுதான்."

கூடையை நான் வாங்குவதற்குள் உள்ளே இருந்து குரல் வந்தது. "சோணையம்மா, இரு. ஒப்புகைச் சீட்டு வாங்கிட்டுப் போ."

"எதுக்கு சார்?"

"நாளைக்கு எண்ணிக்கையில பிரச்சினை வரக் கூடாது பாரு."

'பெறப்பட்ட குஞ்சுகள்: 14' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் கேட்டும் ஒரு தாள் கொடுக்காத மனிதர், கேட்காமலே ஒன்று கொடுத்தார். சோணையம்மாள் அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

நிழல், தண்ணீர், கொஞ்சம் குருணை. இது ஒரு வரிதானே, இதை எப்படி உத்தரவு என்று எடுத்துக்கொள்வது? அவருக்கு மனசு கேட்கவில்லை. செல்போனில் தேடி, கோழிக்குஞ்சு வளர்ப்புக் கையேடு ஒன்றைக் கண்டுபிடித்து, நாற்பத்தாறு பக்கத்தையும் கடையில் அச்செடுத்து வந்தார். அட்டையில் குஞ்சுகளுக்குப் பின்னால் பனி மூடிய மலை ஒன்று இருந்தது. நான் மலையைப் பார்த்தேன். அவர் வெப்பநிலை அட்டவணையைப் பார்த்தார். தாயில்லாக் குஞ்சுகளுக்கு மூன்று வாரம் வரை பல்பு எரிய வேண்டும், அணைக்கவே கூடாது என்று அதில் போட்டிருந்தது.

இந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் எல்.இ.டி. பல்புதான். அது வெளிச்சம்தான் தரும், சூடு தராது. இவர் இரண்டு பஸ் மாறி, ஆரப்பாளையம் பக்கத்தில் ஒரு பழைய கடையில் நூறு வாட் குண்டு பல்பைத் தேடிப் பிடித்தார். டி.வி. வந்த அட்டைப் பெட்டியை மாடித் தகரக் கொட்டகையில் வைத்தார். குஞ்சுகளை அதில் விட்டு, மேலே பல்பைத் தொங்கவிட்டார்.

"வெளியிலயே நாப்பத்தோரு டிகிரி அடிக்குதுங்க. உள்ள பல்பு எதுக்கு?"

"வெளி வெப்பத்தைப் பத்திக் கையேட்டுல ஒண்ணும் சொல்லலை ஞானம்."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுங்க."

"சுரைக்காய் பத்தியும் அதுல இல்லை."

மறுநாள் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். காலையில் அந்தப் பல்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். நான் தெருமுனையைத் தாண்டியதும் அவர் மறுபடி போட்டிருக்கிறார். பல்பையே கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். செய்யவில்லை. அது என் பாவம்தான், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

திரும்பி வந்தபோது மணி மூன்று. அவர் வீட்டில் இல்லை. மேஜையில் 'குஞ்சுப் பதிவேடு' என்று தலைப்பிட்ட நோட்டு திறந்திருந்தது.

'முற்பகல் 10.15: குஞ்சுகள் அனைத்தும் வாய் திறந்த நிலையில் காணப்படுகின்றன. பசி எனக் கருதப்படுகிறது. 10.20: பச்சரிசி, பொட்டுக்கடலை, நறுக்கிய புல், கீரைத் தண்டு வழங்கப்பட்டன. 11.40: இரு குஞ்சுகள் அசைவற்ற நிலையில் காணப்பட்டன. மற்றவற்றுக்குத் தீனி கூடுதலாக வழங்கப்பட்டது. மேல்நடவடிக்கை: எண்ணிக்கையைச் சரிசெய்தல்.'

அவர் மேஜைக்கு முன்னால் வாயைத் திறந்து நின்றவர்கள் எல்லாம் ஏதாவது கேட்டவர்கள்தான். குஞ்சும் கேட்கிறது என்று நினைத்துவிட்டார். ஆயுசில் முதல் முறையாக, கேட்டவுடன் கொடுத்திருக்கிறார். அதுவும் கேட்காத ஜீவன்களுக்கு. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். குமாஸ்தா மிதித்தால் செத்துவிடும் போலிருக்கிறது.

மாடிக்கு ஓடினேன். கொட்டகைக்குள் கால் வைக்க முடியவில்லை, அடுப்புக்குள் நுழைந்தது போல இருந்தது. பன்னிரண்டு குஞ்சும் சிறகை விரித்துப் போட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர்க் கிண்ணம் வற்றிக் கிடந்தது. ஒவ்வொன்றின் கழுத்துக்குக் கீழும் கோலிக்குண்டு போல ஒரு வீக்கம். பல்பை அணைத்துவிட்டுச் சோணையம்மாளுக்கு போன் போட்டேன். அழுகையோடுதான் சொன்னேன்.

அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"அழுகாதீங்க டீச்சர். மொதல்ல கீழ எறக்குங்க. காத்து வார எடத்துல ஈரச் சாக்கை விரிச்சு, அதுக்குப் பக்கத்துல துணி போட்டு விடுங்க. சாக்கு மேல விடாதீங்க. பானைத் தண்ணியில மூக்கு நுனிய மட்டும் தொட்டுத் தொட்டு எடுங்க, அதுகளே குடிக்கும். ஐஸ் தண்ணி ஊத்திராதீங்க, வெறச்சுப் போகும். தீனி ஒரு மணி கூடப் போடக் கூடாது."

"கழுத்துல என்னமோ கட்டியா இருக்கே."

"அது இரப்பை. தண்ணி இல்லாம காஞ்ச தீனிய நெறச்சுட்டா அப்படித்தான் கல்லாட்டம் ஆயிரும். நான் காலையில வாரேன்."

"தமிழ்வாணி?"

"பேத்தி பொறந்துருக்கா டீச்சர். நேத்துத்தான்."

பிறந்து ஒரே நாளான பேத்தியை விட்டுவிட்டுச் சோணையம்மாள் வர வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது.

சொன்னபடி செய்தேன். அரை மணி நேரத்தில் வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. அப்போது என் வீட்டுக்காரர் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியோடு உள்ளே வந்தார். திறந்தார். உள்ளே ஒரு ரோஸ் நிறக் குஞ்சும் ஒரு பச்சை நிறக் குஞ்சும் இருந்தன. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் சாயம் ஏற்றி விற்பார்களே, அவை.

"என்னங்க இது?"

"பதினாலுக்கு ஒப்புகை குடுத்திருக்கு. பதினாலு இருக்கணும்ல. வேற கலர் கிடைக்கலை."

பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும். ஜெனிஷா விட்டுப்போன ஷாம்புவை எடுத்துக்கொண்டு அவர் குளியலறைக்குப் போனார். முக்கால் மணி நேரம் கழுவினார். பச்சைக் குஞ்சு பாசி நிறத்துக்கு வந்தது. ரோஸ் குஞ்சு ரோஸாகவே இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து மற்றவற்றோடு விட்டுப் பதிவேட்டில் '14' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சோணையம்மாள் வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, நேராகக் குஞ்சுகளிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார். வெதுவெதுப்பான தண்ணீரும் நல்லெண்ணெயும் கேட்டார். ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, விரல் நுனியால் ஒரு சொட்டு எண்ணெய், பின்னாலேயே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். பிறகு பெருவிரலால் அந்த வீக்கத்தை மெதுவாகத் தடவித் தடவி விட்டார். மாவு பிசைகிற மாதிரிகூட இல்லை, அதைவிட மெதுவாக. கல்லாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

என் வீட்டுக்காரர் கையேட்டோடு வந்து நின்றார். "தலைகீழாப் புடிச்சு அமுக்கினா வெளிய வந்துரும்னு முப்பத்தொண்ணாம் பக்கத்துல..."

"தலகீழாப் புடிச்சா மூச்சுக் கொழலுக்குள்ள ஏறிச் செத்துப்போகும் சார்" என்றார் சோணையம்மாள், தலையைத் தூக்காமலே. முப்பத்தொன்றாம் பக்கம் மூடிக்கொண்டது.

ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, இறக்கிவிட்டு வந்தவர் ரோஸ் குஞ்சிடம் வந்ததும் நிறுத்தினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாசி நிறக் குஞ்சையும் பார்த்தார்.

"சார், நான் குடுத்தது எல்லாம் கருப்பும் செவலையும். இதுக ரெண்டும் யாரு?"

என் வீட்டுக்காரர் பதிவேட்டைப் பிரித்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது 'நிற மாற்றம் ஏற்பட்டுள்ளது' என்று சொல்லப்போகிறார், நான் இந்த வீட்டை விட்டே போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

"ரெண்டு செத்துப்போச்சு" என்றார். "நான்தான் பல்பு போட்டேன். நான்தான் தீனியும் போட்டேன். நான்தான் கொன்னேன்."

ஒரே மூச்சில் மூன்று 'நான்'.

சோணையம்மாள் கையில் இருந்த குஞ்சைக் கீழே விட்டார். "பொதச்சீங்களா?"

"தென்னை மரத்தடியில."

"சரி. இந்தச் சாயக் குஞ்சு ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க. என் குஞ்சு பன்னெண்டுதான்." அவர் முகத்தில் கோபம் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை, கத்தவும் இல்லை.

பதினொன்று அன்று சாயங்காலமே நடமாடத் தொடங்கின. ஒரு கருப்புக் குஞ்சு மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அதன் வாயில் புளித்த நாற்றம் அடித்தது. மற்றவற்றைக் கூடையில் போட்டு, அதை மட்டும் சோணையம்மாள் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அங்கே போய் வாசலில் நின்றார். திரும்பி வந்து, "நாளைக்கு வாங்க சார், பாப்போம்னு சொல்றா" என்றார். அடுத்த நாளும் போனார். அன்றைக்கும் அதே பதில். மூன்றாம் நாளும் அதே. சோணையம்மாள் பழி வாங்கவில்லை. குஞ்சின் நிலைமையே அப்படித்தான், அன்றன்றைக்குத்தான் தெரியும். ஆனால் மூன்றாம் நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஞானம், நான் அவங்கள எத்தன தடவ இப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன்?"

"நீங்கதானே எல்லாத்துக்கும் பதிவேடு வச்சிருப்பீங்க" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

நாலாம் நாள் கருப்புக் குஞ்சு எழுந்து, மோர்த் தண்ணீர் குடித்து, வேகவைத்த மஞ்சள் கருவில் ஒரு கொத்துக் கொத்தியது. செரிக்கட்டும் என்று சோணையம்மாள் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் பொடிமணலும் தூவியிருந்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து காலை முழுக்க உட்கார்ந்து பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சோணையம்மாளின் கோப்பைப் பிறந்த வருஷத்தைச் சாக்கிட்டுத் திருப்பியது நான்தான், அது சரிசெய்யக்கூடிய குறை என்று எனக்கு அப்போதே தெரியும் என்று அதில் இருந்தது. ஓரம் விட்ட அளவு சரியில்லை என்று இரண்டு தாளைக் கிழித்தார். அந்தப் புத்தி போகாது.

மறுநாள் அவரும் சோணையம்மாளும் பள்ளிக்குப் போனார்கள். மே மாதம், வகுப்பு இல்லை, அலுவலகம் மட்டும்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் வீடு திரும்பினார். முகம் சிவந்து கிடந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"என் நாற்காலியில ஜூடுன்னு ஒரு தம்பி இருக்கார். வெளி பெஞ்சுல உக்காரச் சொன்னார். ஒம்பதரைக்கு உக்காந்தோம். அந்த பெஞ்சுல பத்து மணிக்கு மேல வெயில் நேரா விழுது ஞானம். எனக்குத் தெரியவே தெரியாது."

"அப்பறம்?"

"ஒண்ணரை மணிக்குக் கூப்பிட்டார். பழைய கோப்பை எடுத்துட்டார். அதுல மேலேயே நோட்டுல கிழிச்ச ஒரு தாள். பெஞ்சை வேப்ப மரத்தடிக்கு மாத்திப் போடணும்னு சோணையம்மா பதினாலு வருஷத்துக்கு முந்திக் குடுத்த மனு. அடியில 'அவசியம் இல்லை'ன்னு எழுதியிருந்துச்சு." சொம்பைக் கீழே வைத்தார். "எழுதியிருந்துச்சு இல்ல. நான் எழுதியிருந்தேன்."

ஜூடு கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வாங்க சார், பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்த என் வீட்டுக்காரருக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு வாங்குச்சு. வாயைத் தொறந்துக்கிட்டுக் கெடந்தேன். சோணையம்மா கையைப் புடிச்சுத் தூக்கி மரத்தடியில உக்கார வச்சாங்க. பையில இருந்து பாட்டிலை எடுத்துக் குடுத்தாங்க. நெழல்ல இருங்க சார், தண்ணியக் குடிங்க, அம்புட்டுதான்னாங்க."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். காலடியில் ரோஸ் குஞ்சு சிதறிய சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை எட்டரைக்கே குளித்து, சட்டை மாற்றி, இரண்டு பாட்டில் தண்ணீரும் குடையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்கல்ல" என்றார்.